திடல் எங்கே, டிக்கெட் என்ன விலை?

(சிம்பாங் பூலாயில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சர்வதேச கிரிக்கெட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். யார் நன்றாக ஆடுகிறார், யார் கேப்டனாக வேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். நான் பேச வந்தது வேறு. ஆட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? உள்ளே விட எவ்வளவு காசு கேட்கிறார்கள்? பார்ப்பதற்கு இரண்டு கேள்வி. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். டிக்கெட் இலவசமாக இருந்து திடல் 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அது இலவசம் ஆகாது. திடல் பக்கத்திலேயே இருந்து டிக்கெட் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டினால் அது பக்கத்துத் திடல் ஆகாது.

நம் நாட்டில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். 2025 ஜனவரி 18 முதல் பிப்ரவரி 2 வரை 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக் கிண்ணம் மலேசியாவில் நடந்தது. 16 நாடுகள், 4 திடல்கள். கிள்ளான் பண்டமாறானில் பாயுமாஸ் திடல், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத் திடல், ஜொகூரில் ஒன்று, சரவாக்கில் கூச்சிங் பக்கம் ஒன்று. நம் பேராக் மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை. வடக்கே உள்ள எந்த மாநிலத்திலும் இல்லை.

அதில் மலேசியப் பெண்கள் இலங்கையிடம் 23 ஓட்டங்களுக்கும், இந்தியாவிடம் 31 ஓட்டங்களுக்கும் ஆட்டமிழந்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு நம்மவர்களே சிலர் சிரித்தார்கள். எனக்கு அது வலித்தது. பெரிய அணிகளின் ஆட்டத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு அதிகம் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள், உலகத்தின் மிகச் சிறந்த அணிகளுக்கு எதிரே போய் நின்றார்கள். அதே போட்டியில் கூச்சிங்கில் நைஜீரியா 2 ஓட்ட வித்தியாசத்தில் நியூசிலாந்தை வென்றது. உலகக் கிண்ணத்துக்கு முதல் முறையாக வந்த அணி அது. அந்த ஆட்டத்தை நம் மாநிலத்துப் பெண் பிள்ளைகள் ஒரு இருபது பேர் உட்கார்ந்து பார்த்திருந்தால் அவர்களுக்கு என்னவெல்லாம் தோன்றியிருக்கும்!

இறுதி ஆட்டம் பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, பாயுமாஸில். எங்கள் தமானிலிருந்தும் பக்கத்துக் கம்பத்திலிருந்தும் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேனில் போனோம். ஆட்டம் பிற்பகல் 2.30க்கு. அன்று சீனப் புத்தாண்டு முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். சிம்பாங் பூலாய் டோலைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதுமே வண்டிகள் நகர மறுத்தன. தாப்பாவில் ஒரு நிறுத்தம், தஞ்சோங் மாலிமுக்கு முன்னால் இன்னொரு நிறுத்தம். வேன் வாடகை, டோல், எண்ணெய், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, திரும்பும்போது இரவுச் சாப்பாடு எல்லாம் போட்டுப் பார்த்தால் தலைக்கு 60 வெள்ளிக்குக் குறையவில்லை. நாலு பேர் கை கொடுத்ததால் நடந்தது. இரண்டு வீட்டில், பிள்ளை வரத் துடித்தும், கையில் காசில்லாமல் அம்மா அனுப்பவில்லை.

போய்ச் சேர்ந்தபோது தென்னாப்பிரிக்கா ஆடிக்கொண்டிருந்தது. 82 ஓட்டங்களில் முடிந்தார்கள். இந்தியா ஒரே விக்கெட்டை இழந்து 12 ஓவருக்குள் முடித்துவிட்டது. அந்த இந்திய அணியின் விக்கெட் கீப்பர் மதுரைப் பெண், கமலினி. எங்கள் பிள்ளைகள் கயிற்றோரமாகப் போய் நின்றார்கள். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்றை அங்கேதான் பார்த்தார்கள். ஒவ்வொரு பந்துக்கும் கீப்பர் குந்தி எழுவது, பந்து வராத போதும் ஓடி ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பது, ஓவருக்கு ஓவர் ஃபீல்டர்களைத் தட்டிக்கொடுத்துப் பேசுவது. எங்களோடு வந்த ஒரு பிள்ளை பதின்மூன்று வயது. வரும் வழியெல்லாம் குறும்பு. திரும்பும் வழியில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், கீப்பர் கிளவுஸ் ஈப்போவில் எங்கே கிடைக்கும்?"

கூடி விளையாட ஆள் இருந்தும், திடல் இருந்தும், அந்தக் கேள்வி அதுவரை அந்தப் பிள்ளைக்கு வந்ததில்லை. ஆட்டம் எங்கே நடக்கிறது என்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நடத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உலகக் கிண்ணம் என்றால் நல்ல புல் தரையில் முறையாகப் போட்ட களம் வேண்டும்; பயிற்சிக்குத் தனிக் களம் வேண்டும்; மருத்துவமனை, விமான நிலையம், அணிகள் தங்க ஹோட்டல், கேமரா வண்டி நிற்க இடம் எல்லாம் பக்கத்தில் வேண்டும். இருக்கும் இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் இருக்கும் இடத்தையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தால் இல்லாத இடத்தில் எப்போது உண்டாகும்?

1998 காமன்வெல்த் விளையாட்டு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கோலாலம்பூரில் நடந்தது. ஆண்கள் கிரிக்கெட் அந்த ஒரே முறைதான் காமன்வெல்த் விளையாட்டில் இடம்பெற்றது. டெண்டுல்கர் வந்தார், கும்ப்ளே வந்தார். அஜய் ஜடேஜா கேப்டன். தங்கம் தென்னாப்பிரிக்காவுக்கு. ஆட்டங்கள் நடந்த திடல்களில் ஒன்று ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் திடல். ஆமாம், நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரங்களை ஆராய்ந்த அதே கழகம்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 1997இல், வங்காளதேசத்தை உலகக் கிண்ணத்துக்குள் கொண்டுபோன ஐசிசி கோப்பைப் போட்டியின் ஆட்டங்களும் அந்தத் திடலில் நடந்திருக்கின்றன. பால்மரத்தை நம்பிப் பிழைத்த தொழிலுக்கு இப்படி ஒரு திடல் இருந்தது. அதில் உலக அணிகள் ஆடின. பேராக்கின் பால்மரத் தோட்டத்து மக்களுக்கு அது எட்டாத தூரம்.

அந்த 1998இல் இன்னொன்றும் நடந்தது. அதே செப்டம்பரில் கனடாவில், டொராண்டோவில், இந்தியாவும் பாகிஸ்தானும் சஹாரா கோப்பைக்கு ஆடின. இந்தியா தன் அணியை இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. டொராண்டோவில் கூட்டம் கொஞ்சம்தான் கொள்ளும். ஆனால் இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்துக்குத் தொலைக்காட்சியில் பணம் கொட்டும். எங்கே ஆடுவது என்பதை, திடலில் உட்காருகிறவர் கணக்கில் எடுக்காமல், வீட்டில் உட்காருகிறவர் கணக்கில் முடிவு செய்யும் பழக்கம் அப்போதே ஊறிவிட்டது. 

சரி, இந்தியாவுக்குள் எந்த ஊர் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? அங்கே சுழற்சி முறை இருக்கிறது. மாநிலச் சங்கங்கள்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் உறுப்பினர்கள். ஓட்டுப் போடுகிறவர்களும் அவர்களே. ஆட்டத்தை நடத்தும் சங்கத்துக்கு டிக்கெட் வசூல் போகும். ஆகவே எல்லோருக்கும் ஆட்டம் வேண்டும். வாரியமும் எல்லோரையும் திருப்திப்படுத்த ஊர் ஊராகச் சுற்றிவிடுகிறது. இதனால் சிறிய ஊர்களுக்கும் ஆட்டம் போகிறது என்பது நல்லதுதான். கெட்டதும் உண்டு. 2018 அக்டோபரில் இந்தோரில் நடக்க வேண்டிய இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டம் விசாகப்பட்டினத்துக்கு மாறியது. காரணம் மழையும் இல்லை, களமும் இல்லை. இலவசப் பாஸ் யாருக்கு எத்தனை என்பதில் சங்கத்துக்கும் வாரியத்துக்கும் தகராறு. காசு கொடுத்து வாங்கக் காத்திருந்த இந்தோர் மக்கள் ஆட்டத்தை இழந்தார்கள். அடுத்த ஆண்டு ராஞ்சி டெஸ்ட்டில் கூட்டம் இல்லாததைப் பார்த்த விராட் கோலி, டெஸ்ட்டுக்கு ஐந்து ஊர்களை நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று சொன்னார். ஆடுகிறவருக்கு நிறைந்த திடல் வேண்டும், அது நியாயம். ஆனால் ஐந்து ஊரோடு நிறுத்திவிட்டால் ஆறாவது ஊர்ப் பையன் டெஸ்ட் என்றால் என்ன என்பதை எங்கே பார்ப்பான்? இந்த இடத்தில் நான் கோலியோடு உடன்படவில்லை.

ராஞ்சியில் கூட்டம் வராததற்கு ராஞ்சி மக்களைக் குறை சொல்வது எளிது. திடல் ஊருக்குள் இருக்கிறதா, பஸ் போகிறதா, வேலை நாளில் வைத்தார்களா, வெயிலில் கூரை உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்கு ஆன்டிகுவாவை விடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

ஆன்டிகுவா மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு சின்னத் தீவு. அதன் தலைநகர் செயின்ட் ஜான்ஸ். நகரத்துக்குள்ளேயே பழைய திடல் ஒன்று, ஆன்டிகுவா ரிக்ரியேஷன் கிரவுண்ட். பிரையன் லாரா 1994இல் 375, 2004இல் 400 அடித்தது இங்கேதான். கடையை மூடிவிட்டு நடந்தே வருவார்கள். பாட்டு, மத்தளம், தகர டப்பா, சங்கு. கிரேவி என்று ஒருவர் வேடம் கட்டிக்கொண்டு ஆடுவார். அவரைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். 2007 உலகக் கிண்ணத்துக்காக ஊருக்கு வெளியே, சீனாவின் பண உதவியோடு, விவியன் ரிச்சர்ட்ஸ் பெயரில் புதுத் திடல் கட்டினார்கள். கட்டடம் அழகு. ஆனால் நடந்து போக முடியாது. டிக்கெட் விலை உள்ளூர்க்காரர் சம்பளத்துக்கு எட்டவில்லை. மத்தளமும் சங்கும் கொண்டுவரக் கட்டுப்பாடு. அந்த உலகக் கிண்ணத்தின் பல ஆட்டங்களில் காலி இருக்கைகள். விழித்துக்கொண்டு விலையைக் குறைத்து, வாத்தியங்களை அனுமதித்தபோது காலம் கடந்துவிட்டது.

2009 பிப்ரவரியில் அந்தப் புதுத் திடலில் இங்கிலாந்தோடு டெஸ்ட். பத்தே பந்து. பந்துவீச்சாளர்களால் ஓடி வர முடியவில்லை; மணலில் கால் புதைந்தது. ஆட்டத்தைக் கைவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து டெஸ்ட் எங்கே நடந்தது தெரியுமா? நகரத்துக்குள் இருக்கும் பழைய ரிக்ரியேஷன் கிரவுண்டில். அவசர அவசரமாகப் புல்லை வெட்டிச் சரிசெய்து ஆடினார்கள். மக்கள் வந்தார்கள்.

இலங்கையிலும் இப்படித்தான். 2011 உலகக் கிண்ணத்துக்காக ஹம்பாந்தோட்டையில், சூரியவெவ என்ற இடத்தில், 35,000 பேர் உட்காரும் திடல். அப்போதைய ஜனாதிபதியின் சொந்த மாவட்டம், அவர் பெயரே திடலுக்கு. உலகக் கிண்ணத்தில் அங்கே நடந்தது 2 ஆட்டம். கடன் மட்டும் கிரிக்கெட் வாரியத்தின் தலையில் நின்றது. அதே நாட்டில் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் 1904இலிருந்து 'வடக்கின் பெரும் போர்' ஆடுகின்றன. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஊரே திரளும். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி நான்கு முறை கிண்ணம் வென்றது. நான்கு முறையும் யாழ்ப்பாணத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல். ரசிகன் இருக்கும் இடத்தில் திடல் இல்லை, திடல் இருக்கும் இடத்தில் ரசிகன் இல்லை. 2025 செப்டம்பரில்தான் மண்டைதீவில் சர்வதேசத் திடலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். எழும்பட்டும். ஆனால் மண்டைதீவுக்குப் பஸ் எத்தனை மணிக்கு, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் இப்போதே திட்டத்தில் எழுதட்டும்.

இனி விலைக்கு வருகிறேன்.

சென்னை சேப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1934இலேயே டெஸ்ட் நடந்த இடம். ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. இடத் தேர்வில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2024 ஐபிஎல் தொடக்க ஆட்டத்துக்குக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். நம் காசுக்கு அப்போது 90 வெள்ளிக்கு மேல். நம் நாட்டில் 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65. அதைவிட அதிகம் ஒரு டிக்கெட். சென்னையில் கூலி வேலை செய்பவருக்கு அது இன்னும் பெரிய பாரம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்றால் 6,800 ரூபாய், தண்ணீர் வாங்குவதற்கு முன்னால்.

குறைத்தால் கட்டுப்படியாகாது, அதனால்தான் இந்த விலை என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது, 410 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 118 கோடி. சேப்பாக்கத்தில் 38,000 பேர் என்று வைத்து, அத்தனை பேரும் 1,700 கொடுத்தாலும் ஆறரைக் கோடி. ஒளிபரப்பில் வரும் பணத்தோடு வைத்துப் பார்த்தால் அது சிறு பங்கு. ஒளிபரப்புப் பணம் வாரியம் வழியாகப் பிரிந்து வருகிறது, வாசல் வசூல் நேரடியாக வருகிறது, அணி நடத்துபவருக்கு இரண்டும் வேண்டும் என்பது உண்மை. அதற்காக முழுத் திடலின் விலையும் ஏற வேண்டியதில்லை. குளிர்சாதன அறையில் உட்காருகிறவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். ஐயாயிரம் இருக்கையை 100 ரூபாய்க்கு ஒதுக்கினால் நட்டம் ஒரு கோடிகூட வராது. நிறைந்த திடலின் இரைச்சல் இல்லாமல் அந்த ஒளிபரப்பு உரிமைக்கு யார் 48,000 கோடி கொடுப்பார்கள்?

செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2022 ஆஸ்திரேலியா டி20 உலகக் கிண்ணத்தில் குழந்தைகளுக்கு 5 டாலர் முதல் டிக்கெட். மெல்போர்னில் இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்துக்கு 90,293 பேர் வந்தார்கள். 2025 பெண்கள் உலகக் கிண்ணத்துக்கு இந்தியாவில் 100 ரூபாயிலிருந்து டிக்கெட் விற்றார்கள். அந்தக் கிண்ணத்தை இந்தியப் பெண்கள் நவி மும்பையில், நிறைந்த திடலில் வென்றார்கள். 2026 டி20 உலகக் கிண்ணத்துக்கும் இந்தியாவில் 100 ரூபாய், இலங்கையில் அந்நாட்டுக் காசில் 1,000 ரூபாய் என்று தொடக்க விலை வைத்தார்கள். மறுபக்கம் 2024இல் நியூயார்க் பக்கம் நாசாவ் கவுன்டியில் 34,000 பேருக்குத் தற்காலிகத் திடல் எழுப்பி, இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்துக்கு 10,000 டாலர் வரை டிக்கெட் வைத்தார்கள். போட்டி முடிந்ததும் திடலைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்கு மிச்சம் என்ன?

இப்போது நம் ஊருக்கு வருவோம். பெரிய திடல் வேண்டும் என்று கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஹம்பாந்தோட்டையைப் பார்த்த பிறகு அப்படிக் கேட்பது பாவம். வேறு வழி ஒன்று திறந்திருக்கிறது. அதைப் பலர் கவனிக்கவில்லை. 2019 ஜனவரி 1இலிருந்து ஐசிசி உறுப்பு நாடுகளின் ஆண்கள் அணிகள் மோதும் டி20 ஆட்டங்களுக்கெல்லாம் சர்வதேசத் தகுதி உண்டு. பெண்களுக்கு அதற்கும் முன்பே, 2018 ஜூலையிலிருந்து. மலேசியாவும் பூட்டானும் ஆடினாலும் அது சர்வதேச ஆட்டம். 2023 ஜூலையில் பாயுமாஸில் சீனாவுக்கு எதிராக நம் சியாஸ்ருல் இட்ருஸ் 8 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆண்கள் டி20 சர்வதேச ஆட்டத்தில் 7 விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர், உலகத்திலேயே. இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு முப்பதாயிரம் இருக்கை வேண்டாம், விளக்குக் கம்பம் வேண்டாம். நல்ல களம், நல்ல புல், உடை மாற்ற அறை, நிழல். இவ்வளவுதான்.

ஈப்போ பாடாங்கை நினைத்துப் பாருங்கள். நகரின் நடுவில், செயின்ட் மைக்கல் பள்ளிக்கு எதிரே. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். சிம்பாங் பூலாயிலிருந்து மோட்டாரில் அரை மணி நேரம் ஆகாது. வெறும் பாடாங்கில் சர்வதேச ஆட்டமா என்று கேட்பீர்கள். 1996 ஏப்ரலில் சிங்கப்பூர்ப் பாடாங்கில், நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் அந்தத் திறந்த வெளியில், இந்தியாவும் இலங்கையும் பாகிஸ்தானும் ஒருநாள் ஆட்டங்கள் ஆடின. ஜெயசூர்யா 48 பந்தில் நூறு அடித்து அன்றைய உலகச் சாதனை படைத்தது அங்கேதான். எல்லைக் கோடு கிட்டத்தில் இருந்தது என்று குறை சொன்னார்கள். இருக்கட்டும். ஆட்டம் நகரின் நடுவிலேயே நடந்தது.

நம்மிடமே இன்னொரு சாட்சி. சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கி. 1983இல் தொடங்கிய போட்டி, ஈப்போவில் வேரூன்றியது. மாநிலத்தின் சுல்தானே ஹாக்கியில் உயிராக இருந்தார்.  இந்தியா, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா என்று உலக அணிகளை நம் மக்கள் ஈப்போவிலேயே, வீட்டுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். 2025 நவம்பரிலும் இறுதி ஆட்டத்தில் பெல்ஜியம் இந்தியாவை 1-0 என்று வென்றது இங்கேதான். ஒரு விளையாட்டை நேசித்த ஒருவர் அதன் பக்கம் நின்றதால் இவ்வளவும் நடந்தது. அப்படி நிற்க நம்மிலும் ஆள் வேண்டும்.

திடல் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். சிலாங்கூரில் உள்ள கின்றாரா திடலில் 2006 செப்டம்பர் 14 அன்று டெண்டுல்கர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 அடித்தார். 2008இல் கோலி தலைமையிலான இந்திய இளைஞர் அணி அங்கேதான் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை வென்றது. இன்று அந்தத் திடல் கிரிக்கெட் சங்கத்தின் கையில் இல்லை. ஈப்போ பாடாங்கோ பொதுமக்களின் திடல். இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே மாநிலக் கிரிக்கெட் சங்கத்துக்கும் ஈப்போ மாநகராட்சிக்கும் நாம் மூன்று விஷயம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். மலேசியப் பெண்கள் அணி ஆடும் ஒரு டி20 தொடரை, பள்ளி விடுமுறையில், ஈப்போவுக்குக் கொண்டுவர முயற்சி எடுக்க வேண்டும். அதற்கு முன் பாடாங்கின் களத்தை நிபுணர் ஒருவர் பார்த்து, என்ன செலவாகும் என்று எழுத்தில் தர வேண்டும். டிக்கெட் வைப்பதாக இருந்தால் பெரியவருக்கு 5 வெள்ளி, பள்ளிப் பிள்ளைக்கு இலவசம். கோப்பெங், கம்பார், பத்து காஜா, சுங்கை சிப்புட்டிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவர பஸ்ஸுக்கு ஆதரவாளர் பிடித்துக்கொள்வோம், அந்தப் பொறுப்பு நம்முடையது. விளம்பரப் பலகை வைக்க இடம் கொடுத்தால் பஸ் காசு கொடுக்கக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்; இந்த அவையிலேயே இரண்டு பேர் தலையாட்டுவது தெரிகிறது.

கடிதத்தை மலாயில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, மாற்ற வேண்டியதை ஓரத்தில் எழுதுங்கள். ஒத்துக்கொண்டால் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டுக் கையெழுத்திடுங்கள். பிள்ளைகளுக்குத் தனித்தாள் வைத்திருக்கிறேன். என்ன ஆடுகிறீர்கள், எங்கே ஆடுகிறீர்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும். கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம்.